மலை மேலே ஒரு ராக் கச்சேரிப் படம்: பழைய பாடகர், புதிய குழு, முழு வழிகாட்டி

பெயர் பெற்ற ராக் பாடகர் ஒருவர் பழைய கூட்டாளிகளை விட்டுவிட்டு, புதிதாகச் சேர்த்த ஆறு பேரோடு மேடையேறுகிறார். அரங்குக்கு வருகிறவர் பாடகரைப் பார்க்க வருவார். படம் பார்க்கிறவருக்குப் பாடகரின் முகம் பழகியது. பார்க்கிறவரின் கண் அந்த ஆறு பேர் மீதுதான் போகும். இவர்கள் ஒத்துப் போகிறார்களா, யார் யாரைப் பார்த்து வாசிக்கிறார்கள், எங்கே தடுமாறிச் சமாளிக்கிறார்கள் என்பதே படத்தின் கதை. மைக் வைப்பது முதல் கேமரா நிறுத்துவது வரை எல்லா முடிவும் இதை ஒட்டியே இருக்க வேண்டும். 1985இல் வெளிவந்த ‘பிரிங் ஆன் தி நைட்’ படத்தில் இயக்குநர் மைக்கேல் ஆப்டெட் இதைச் சரியாகப் பிடித்தார். பிரிட்டிஷ் ராக் பாடகர் ஸ்டிங் அப்போது ஜாஸ் உலகிலிருந்து பிரான்ஃபோர்ட் மார்சாலிஸ், கென்னி கர்க்லண்ட், ஒமர் ஹகீம், டாரில் ஜோன்ஸ் ஆகியோரைச் சேர்த்திருந்தார். மேடைக்கு முந்தைய ஒத்திகை நாட்களுக்கும் அந்தப் படத்தில் தாராளமாக இடம் கிடைத்தது.

இங்கே எடுத்துக்கொள்ளும் கணக்கு: நீலகிரியில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மூன்றில் ஓரிடத்தில் 400 பேர் அமரும் உள்ளரங்கு, இரண்டு இரவுக் கச்சேரி, முடிவில் 80 நிமிடப் படம். கொடைக்கானலிலும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

நாளும் அரங்கும்

பிப்ரவரி தொடக்கம் முதல் மார்ச் நடு வரை வையுங்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் ஊட்டியில் உறைபனி விழும். விரல் மரத்த கிதார்காரரிடம் வேகமான வாசிப்பை எதிர்பார்க்க முடியாது. ஏப்ரல், மே இரண்டும் சீசன். மலர்க் கண்காட்சி நேரத்தில் அறையும் கிடைக்காது, வண்டியும் நகராது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூர் சரிவுகளைப் பிடித்துக்கொள்ளும்.

திறந்தவெளி ஆசை வேண்டாம். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே மேடை படத்தில் அழகாகத் தெரியும், உண்மைதான். ஆனால் மாலை ஐந்து மணிக்கு மூட்டம் ஏறினால் இருபது அடிக்கு அப்பால் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் காட்சிகளைப் பகலில் தனியாக எடுத்துப் பாடல்களுக்கு இடையே சேர்த்துக்கொள்ளலாம்.

அரங்கைப் பார்க்கப் போகும்போது மூன்று சோதனை. முதலில் கூரை: தகரமாக இருந்து கீழே சீலிங் இல்லாவிட்டால் பத்து நிமிடத் தூறல் போதும், பாடல் முழுக்கக் கெடும். அடுத்து தரை: பழைய பலகை மேடையில் குதித்துப் பாருங்கள். மைக் ஸ்டாண்டு ஆடினால் டிரம்ஸுக்கு அடியில் ரப்பர் பாயும் அதன்மேல் தடித்த பவானி ஜமக்காளமும் தேவை. மூன்றாவதாக நடு அரங்கில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். எதிரொலி இரண்டு விநாடிக்கு மேல் இழுத்தால் பின்சுவர் முழுக்கக் கனத்த திரையோ கம்பளியோ தொங்கவிட வேண்டும். நிறைந்த கூட்டம் கொஞ்சம் எதிரொலியை உறிஞ்சும், ஆனால் பின்சுவரிலிருந்து திரும்பி வரும் ஸ்நேர் டிரம்மின் சுள்ளென்ற அடியை உறிஞ்சாது.

சாமானை மேலே ஏற்றுவது

ஒரே நீளமான கண்டெய்னர் லாரிக்குப் பதில் 14 அடி வண்டி இரண்டோ மூன்றோ போடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியார் வழியாகக் குன்னூர் ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். நீள வண்டி ஒவ்வொன்றிலும் பின்வாங்கித்தான் திரும்பும். மண்சரிவில் அந்த வழி அடைபட்டால் கோத்தகிரி வழி இருக்கிறது. டிரைவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மசினகுடியிலிருந்து கல்லட்டி ஏறும் 36 வளைவுச் சாலைக்குச் சரக்கு வண்டியை அனுப்பவே வேண்டாம். பெங்களூரு, மைசூரு பக்கமிருந்து கருவி வந்தால் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை அடைக்கப்படும் என்பதை வைத்து நேரம் குறியுங்கள். வெளி மாவட்ட வண்டிகளுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் முறை உள்ளது. வண்டி எண் மாறினால் பாஸும் மாற வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை. மேடைக்கு ஸ்டீல் பாட்டிலும் இருபது லிட்டர் கேனும் ஏற்பாடு செய்யுங்கள்.

எடைமிக்க சாமானை, அதாவது ஆம்ப், ஸ்பீக்கர், விளக்குகளைத் தொங்கவிடும் டிரஸ் கம்பிகளைக் கச்சேரிக்கு நான்கு நாள் முன்னும், மைக், கேமரா, கிதார் வகையறாவை மூன்று நாள் முன்னும் ஏற்றுவது நல்ல வரிசை.

கரண்ட்

உத்தேசக் கணக்கு: விளக்குகள் 9 கிலோவாட், ஒலிபெருக்கி 8, மேடைக் கருவிகள் 3, கேமராவும் மானிட்டரும் 3, ஹீட்டர் 2. ஆக 25 கிலோவாட். ஜெனரேட்டரை அளக்கும் அலகு கேவிஏ; 0.8 பவர் ஃபேக்டரால் வகுத்தால் இது 31 கேவிஏ. மலை உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் டீசல் இன்ஜினின் பலம் குறையும்; டர்போ உள்ளதில் இழப்பு சற்றுக் குறைவு. 15 சதவீதம் குறையும் என்று வைத்தால் 37. ஜெனரேட்டரை முழு மூச்சில் ஓட்டக்கூடாது, முக்கால்பங்குச் சுமையில் நிறுத்த வேண்டும் என்றால் 50 வரும். சந்தையில் கிடைக்கும் 62.5 கேவிஏ எடுங்கள். அரங்கிலிருந்து குறைந்தது 40 மீட்டர் தள்ளி, கட்டடத்துக்கு மறுபக்கம் நிறுத்துங்கள்.

ஒலிக்கு ஒரு ஃபேஸ், விளக்குக்கு ஒரு ஃபேஸ், ஹீட்டரும் டீக்கடையும் மூன்றாவதில். இதைக் கலந்துவிட்டால், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரை ஏற்றும்போதெல்லாம் கிதாரில் ‘ர்ர்’ என்று ஓர் இரைச்சல் கேட்கும். பிறகு அதை எடுக்க முடியாது. பாறை மண்ணில் எர்த் சரியாக இறங்காது; தண்டை இறக்கிக் கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றி, 5 ஓமுக்குள் வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள். இரைச்சலைப் போக்க எர்த் பின்னை உடைக்கும் பழக்கம் இங்கேயும் உண்டு. ஈரமான மேடையில் மைக்கை உதட்டில் வைத்துப் பாடுகிறவரின் உயிரோடு விளையாடுவது அது. இரைச்சலுக்கு, கருவியை மிக்சரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில், ஒலிக் கேபிளின் எர்த்தை மட்டும் பிரிக்கும் கிரவுண்டு லிஃப்ட் சுவிட்ச் போதும். மேடை லைன் முழுவதற்கும் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம்.

ஒத்திகை

படத்தின் பாதி இங்கேதான் உருவாகிறது. 80 நிமிடப் படத்துக்கு 14 பாடல் போதும். 18 தயார் செய்யுங்கள். கீழே கோவையிலோ சென்னையிலோ பன்னிரண்டு நாள், மலையில் அதே அரங்கில் மூன்று நாள். பாடகரின் பழைய பாடல்களைப் பழைய பதிவு போலவே வாசிக்கச் சொன்னால் புதுக்குழு வாடகைக் குழுவாகத்தான் தெரியும். ஐந்தாறு பாடல்களையாவது இவர்கள் கைக்கேற்ற மாதிரி மாற்றி அமையுங்கள்: கிதார் தொடங்கிய இடத்தில் பேஸ் தொடங்கட்டும், முன்பு ஒலி மெல்லத் தேய்ந்து ஃபேட் ஆன பாடலுக்கு இப்போது ஒரு முடிவு வேண்டும்.

சுருதி அளவைக் கீழேயே முடிவுசெய்துவிடாதீர்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கடற்கரையைவிட ஏறக்குறைய கால்பங்கு பிராணவாயு குறைவு. சென்னையில் எட்டு பார் (தாளச் சுற்று) இழுத்த கடைசி ஸ்வரம் இங்கே ஆறில் அறுபடும். பாடகரும் ஊதுகருவிக்காரரும் மூன்று நாள் முன்பே வந்து தங்கட்டும். உச்சஸ்தாயியில் நிற்கும் பாடல்களை அரை ஸ்வரம் இறக்கிய வடிவிலும் குழு பழகி வைத்திருக்கட்டும். அடுத்தடுத்து இரண்டு கனமான பாடல்கள் வைக்காமல், நடுவே ஓர் இசை மட்டும் உள்ள பகுதியைப் புகுத்தினால் பாடகருக்கு மூச்சும் கிடைக்கும், புதியவர்களுக்கு மேடையும் கிடைக்கும்.

வாசிப்பவர் காதில் தாளம் தட்டிக் காட்டும் கிளிக் எல்லாப் பாடலுக்கும் தேவையில்லை. முன்பே பதிவான கோரஸோ லூப்போ ஓடும் பாடலுக்கு மட்டும் போடுங்கள். கிளிக் ஓடினால் வாசிப்பவர் காதைத்தான் கவனிப்பார், பக்கத்து ஆளைப் பார்க்க மாட்டார். நமக்கு வேண்டியதே அந்தப் பார்வைதான்.

கடைசி மூன்று நாள் ஒத்திகையை இரண்டு கேமராவில் எடுத்து, அதை வைத்து ஒரு பார்வைத் தாள் எழுத வேண்டும். பாடல் வரிகளுக்கு எதிரே பார் எண், யார் யாரைப் பார்க்கிறார், எந்தக் கேமரா. இப்படி: ‘இரண்டாம் சரணம் முடிந்து 8 பார். பாடகர் இடப்பக்கம் திரும்பி சாக்ஸைப் பார்ப்பார். கேமரா 3 சாக்ஸ் முகம். கேமரா 5 பாடகரின் தோள்வழி சாக்ஸ். டிரம்ஸ் நான்காவது அடியில் தலையாட்டும், கேமரா 6 விடக்கூடாது.’ கீழே நடந்த ஒத்திகையின் ஒலியைக் கேமராக்காரர் எல்லோருக்கும் ஒரு வாரம் முன்பே கொடுத்து, பாட்டு மனப்பாடம் ஆனவரை மட்டும் மேடைக்குள் நிறுத்துங்கள்.

நீலகிரியின் கோத்தர் இசையையோ படுகர் ஆட்டத் தாளத்தையோ ஒரு பாடலில் சேர்க்க விரும்பினால், கலைஞர்களை ஒத்திகைக்கே அழைத்து, சம்பளமும் படத்தில் பெயரும் உறுதிசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள். சடங்குக்கு மட்டும் வாசிப்பது எது என்பதை அவர்களே சொல்வார்கள், அதைத் தொடாதீர்கள்.

ஒலிப்பதிவு

ஒலி சரியாக இருந்து படம் சுமாரானாலும் மக்கள் பார்ப்பார்கள். தலைகீழானால் பார்க்க மாட்டார்கள். செலவைக் குறைக்க வேண்டி வந்தால் கேமரா ஒன்றைக் குறையுங்கள், மைக்கைக் குறைக்காதீர்கள்.

டிரம்ஸுக்குப் பத்து மைக்: கிக் 2, ஸ்நேர் மேலும் கீழும் 2, ஹைஹாட் 1, டாம் 3, மேலே 2. பேஸுக்கு டிஐ ஒன்றும் ஆம்ப் முன் ஒன்றும். இரண்டு கிதாருக்கு 4, கீபோர்டு 4, சாக்ஸ் 1, தாளவாத்தியம் 4, பாடகருக்கு ஒன்றும் மாற்று ஒன்றும், கோரஸ் 3. இதுவரை 30. கூட்டத்துக்கு 4, இசைக்கலைஞர்கள் தமக்குள் பேசும் மைக் 2, கிளிக் 1, படத்தோடு ஒலியைப் பொருத்தும் நேரக் குறியான டைம்கோட் 1. மொத்தம் 38. எனவே 48 சேனல் மிக்சர். அந்தப் பேச்சு மைக்கைப் பலர் பதிவு செய்வதில்லை. ‘அண்ணே, இன்னொரு ரவுண்டு போலாமா’ என்று பேஸ்காரர் டிரம்ஸைக் கேட்கும் அந்த ஒரு வரி படத்தில் என்ன செய்யும் என்று எடிட்டிங் மேசையில்தான் தெரியும்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒரு சேனலுக்கு விநாடிக்கு 144 கிலோபைட். 38 சேனலுக்கு மணிக்கு ஏறக்குறைய 20 ஜிபி. இது சின்ன அளவுதான், ஆகவே இரண்டு தனித்தனி ரெக்கார்டரில், தனித்தனி யூபிஎஸ்ஸில் பதிவு செய்யுங்கள். அரங்குக்கான மிக்சிங்கில் செட்டுக்காரர் மைக்கின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயினைத் திருகினால் பதிவும் கூடவே ஏறி இறங்கும். மைக் சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட் வைத்துப் பதிவுக்குத் தனி கெயின் கொடுங்கள். உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் நிறுத்துங்கள். சவுண்டு செக்கில் அடிக்கும் அடியைவிட கூட்டத்தின் முன் டிரம்மர் நிச்சயம் பலமாக அடிப்பார்.

கூட்ட மைக்கில் இரண்டு மேடை ஓரத்தில் கூட்டத்தைப் பார்த்தும், இரண்டு நடு அரங்கில் உயரத்திலும். 10 டிகிரி குளிரில் ஒலி விநாடிக்கு 337 மீட்டர் போகும். 15 மீட்டர் தள்ளியிருக்கும் மைக்குக்குப் பாடல் 44 மில்லிவிநாடி தாமதமாக வரும். மிக்சிங்கில் அந்த அளவு முன்னால் நகர்த்தாவிட்டால் ஸ்நேர் இரண்டு முறை அடிப்பது போலக் கேட்கும்.

குளிர் செய்யும் வேலை

குளிர்ந்தால் கம்பி சுருங்கும், கிதார் சுருதி ஏறும். அதே குளிரில் சாக்ஸும் புல்லாங்குழலும் இறங்கும்; காற்று பத்து டிகிரி குளிர்ந்தால் கணக்குப்படி 30 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வரை, ஊதி ஊதிக் குழல் சூடானால் அதைவிடக் குறைவு. இரண்டும் எதிரெதிர்த் திசையில் போவதுதான் சிக்கல். கீபோர்டு நகராமல் நடுவில் நிற்கும், எனவே அதை அளவாக வைத்து எல்லோரும் இசைந்துகொள்ளட்டும். ஊதுகருவிக்காரர் தன் பகுதிக்கு ஒரு நிமிடம் முன்பிருந்தே குழலுக்குள் சத்தமில்லாமல் மூச்சு விட வேண்டும். கிதாருக்கு இரண்டு பாடலுக்கு ஒருமுறை டியூனிங். மாற்றுக் கிதாரும் மேடையிலேயே, அதே குளிரில் இருக்க வேண்டும். அறைக்குள் கதகதப்பாக வைத்திருந்த கிதாரை நீட்டினால் முதல் பாடலிலேயே சுருதி ஓடும். தபலா, பறை போன்ற தோல்கருவிகள் மூட்டத்தில் தளர்ந்துபோகும். ஹீட்டர் பக்கத்தில் அளவாகக் காயவைக்க ஓர் ஆள் போடுங்கள்.

இரவெல்லாம் குளிர்ந்த வண்டியில் கிடந்த கண்டென்சர் மைக்கையும் லென்ஸையும் 400 பேர் மூச்சுவிடும் அரங்கில் சட்டென்று திறந்தால் மேலே நீர் பூக்கும். மைக் ‘பட் பட்’ என்று பொரியும், லென்ஸ் அரைமணி நேரம் மங்கும். பெட்டியைத் திறக்காமல் உள்ளே கொண்டுவந்து இரண்டு மணி நேரம் விட்டுப் பிறகு திறவுங்கள். பெட்டிக்குள் சிலிகா ஜெல் இருக்கட்டும். பேட்டரியும் குளிரில் சீக்கிரம் இறங்கும், வழக்கமான எண்ணிக்கையில் ஒன்றரை மடங்கு வையுங்கள்.

கேமரா

ஏழு. முதலாவது மிக்சர் மேடை அருகே நீள லென்ஸில் பாடகர். இரண்டாவது பின்சுவர் ஓரத்தில் முழு மேடை, இதை யாரும் தொடக்கூடாது. மூன்றும் நான்கும் மேடைக்கு முன் இடம், வலம். ஐந்து மேடைக்குள் கையில். ஆறு டிரம்ஸுக்குப் பின்னால், கூட்டத்தையும் மற்றவர் முதுகையும் பார்த்து. ஏழு சின்னத் தண்டவாளத்தில் நகர்வது. ஐந்தாவதும் ஆறாவதும்தான் புதுக்குழுவின் கேமராக்கள், அங்கே கைதேர்ந்தவரைப் போடுங்கள். மேடைக்குள் நிற்பவர் கறுப்பு உடை, ரப்பர் செருப்பு.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் விநாடியில் 50இல் ஒரு பங்கு. திரையரங்குக்காக 24இல்தான் எடுக்க வேண்டும் என்றால் ஷட்டர் கோணம் 172.8 டிகிரி, இல்லாவிட்டால் விளக்கு மினுங்கும். மேடையில் எல்இடி திரை இருந்தால் ஒத்திகையிலேயே ஏழு கேமராவிலும் பட்டை ஓடுகிறதா என்று பாருங்கள். எல்லாக் கேமராவிலும் ரெக்கார்டரிலும் ஒரே டைம்கோட் பெட்டி. பிற்பகல் ஒருமுறை, கச்சேரிக்கு முன் ஒருமுறை மறுபடி இணைத்துக்கொள்ளுங்கள். கேமராவின் சொந்தக் கடிகாரத்தை மட்டும் நம்பினால் கச்சேரி முடிவதற்குள் உதடு வேறு, சொல் வேறு ஆகிவிடும்.

விநாடிக்கு 400 மெகாபிட் அளவில் 4கே எடுத்தால் ஒரு கேமராவுக்கு மணிக்கு 180 ஜிபி. ஏழுக்கு 1.26 டெராபைட் (டிபி). இரண்டு இரவு, தலா இரண்டு மணி: 5 டிபி. மூன்று பிரதிக்கு 15 டிபி ஹார்டு டிஸ்க் வாங்கி வையுங்கள். அதில் ஒன்று அன்றிரவே வேறு கட்டடத்துக்குப் போக வேண்டும். பாடல்களுக்கு நடுவில் பதிவை நிறுத்தாதீர்கள், நல்ல சிரிப்பு அங்கேதான் இருக்கும். கார்டு மாற்றும் நேரத்தைக் கேமராவுக்குக் கேமரா தள்ளித் தள்ளிக் குறித்துக்கொடுங்கள்.

வெளிச்சத்தில் ஒரே கட்டளை: ஆறு பேர் முகத்துக்கும் தனித்தனி வெள்ளை விளக்கு. டிரம்மர் பெரும்பாலும் இருட்டில் விடப்படுகிறார். கேமராவில் ஐஎஸ்ஓ 800, லென்ஸில் எஃப் 2.8 என்றால் முகத்தில் 150 லக்ஸ் தாராளம். அடர் சிவப்பும் நீலமும் பின்னணிக்கு மட்டும். முகத்தில் விழுந்தால் தோலின் விவரமே போய்விடும்.

அனுமதி, உரிமை

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு என்றாலும் ஊர் 9 மணிக்கே தூங்கும், 6.30க்குத் தொடங்கி 9க்குள் முடியுங்கள். கூட்டம் நடந்து போகும் வழியில் காட்டெருமை நிற்கலாம், வாசலிலும் வண்டி நிறுத்துமிடம் வரையிலும் விளக்குப் போடுங்கள். காவல்துறை, உள்ளாட்சி, தீயணைப்பு மூன்றுக்கும் ஒரு மாதம் முன் மனு. டிரோன் வேண்டுமானால் 2021 டிரோன் விதிகளின்படி அப்பகுதியில் பறக்கலாமா என்று காட்டும் வரைபட நிறத்தைப் பாருங்கள். வெலிங்டன் ராணுவப் பகுதி அருகே நினைக்கவே வேண்டாம்.

மேடையில் பாட வாங்கும் உரிமமும் படத்தோடு சேர்க்க வாங்கும் அனுமதியும் வேறுவேறு. மற்றவர் பாடல் ஒன்றைப் பாடினால் இரண்டாவதையும் எழுத்தில் வாங்காமல் படத்தில் வைக்காதீர்கள். பாடகரின் சொந்தப் பாடலுக்கும் பழைய நிறுவனத்திடம் உரிமை இருக்கக்கூடும். 1957 பதிப்புரிமைச் சட்டம் இசைக்கலைஞருக்கும் நிகழ்த்துநர் உரிமை தருகிறது. ஆறு பேரிடமும் ஒத்திகை தொடங்கும் முன்பே, ஒத்திகைக் காட்சிகளையும் சேர்த்து ஒப்பந்தம் வேண்டும். கச்சேரிக்குப் பின் கேட்டால் பேரம் கசக்கும். ‘ஒளிப்பதிவு நடைபெறுகிறது’ என்ற அறிவிப்பை டிக்கெட்டிலும் வாசலிலும் போடுங்கள்.

இரண்டு இரவுகள்

இரண்டு இரவும் ஒரே உடை, ஒரே முடி, ஒரே இடம். டிரம்ஸ் காலடி முதல் மைக் ஸ்டாண்டு வரை தரையில் டேப் ஒட்டிவிட்டால் இரண்டு இரவையும் ஒன்றோடொன்று வெட்டலாம். முதல் இரவு முழு மேடைக் காட்சிகளுக்கு முன்னுரிமை. நள்ளிரவில் இயக்குநரும் ஒலிப்பொறியாளரும் கேட்டுப் பார்த்து, எந்தப் பாடலில் என்ன விட்டுப்போனது என்று பட்டியல் எழுதட்டும். மறுநாள் பிற்பகல் கூட்டமில்லாமல் நான்கைந்து பாடல்களை மீண்டும் வாசிக்கச் சொல்லி விரல், பெடல், முகம் என்று அருகில் போய் எடுங்கள். இரண்டாம் இரவு முகங்களுக்கு.

பாதியில் வாசிப்பு அறுந்தால் பதறாமல் பாடகர் சிரித்துவிட்டு மீண்டும் தொடங்கட்டும். பழைய குழுவோடு இப்படி நடந்தால் அலட்சியம் என்பார்கள். புதுக்குழுவோடு நடந்தால் கூட்டம் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும்.

வெட்டும் கலவையும்

ஒலிக்கலவை முதலில், வெட்டு பிறகு. ஒவ்வொரு பாடலுக்கும் எந்த இரவின் வாசிப்பு என்று காதால் தீர்மானித்துவிட்டுப் படத்தைத் தொடுங்கள். ஒவ்வொரு தாள அடிக்கும் வெட்டினால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். ஒரு இசைத்தொடர் முடியும்வரை ஆறு, எட்டு விநாடி பொறுத்திருங்கள். யார் வாசிக்கிறாரோ அவரைவிட, கேட்டுக்கொண்டிருப்பவரின் முகம் பல இடங்களில் நன்றாக இருக்கும். தப்பிய ஓரிரு ஸ்வரத்தைத் திருத்தலாம். பாடல் முழுவதையும் ஸ்டுடியோவில் மறுபடி பாடவைத்தால் கழுத்து நரம்பும் குரலும் பொருந்தாது, கூட்ட மைக்கிலும் பழைய குரல் கசியும்.

இணையத்துக்குச் சராசரிச் சத்தம் மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு), உச்சம் மைனஸ் 1 டெசிபல். திரையரங்குக்குத் தனிக் கலவை. 25 ஃபிரேமில் எடுத்ததை 24க்கு மெதுவாக்கினால் பாட்டு ஏறக்குறைய 70 சென்ட், அதாவது முக்கால் அரைஸ்வரம் இறங்கிவிடும். பாடகரின் குரல் தெரிந்தவர் உடனே நெளிவார். திரையரங்குக்கான டிஜிட்டல் கோப்பான டிசிபியை 25 ஃபிரேமிலேயே செய்யலாம், அல்லது சுருதி மாறாமல் நீட்டும் மென்பொருளில் ஒலியைச் சரிசெய்யலாம். எதுவானாலும் கோவையில் ஒரு திரையரங்கைக் காலைக் காட்சிக்கு முன் வாடகைக்கு எடுத்து, அரங்கின் ஒலி அளவு ஃபேடரை முறைப்படியான 7இல் ஒருமுறையும், பல அரங்குகளில் உண்மையில் வைக்கும் 5இல் ஒருமுறையும் ஓட்டிக் கேளுங்கள். ஐந்தில் பேஸ் காணாமல் போனால் கலவைக்குத் திரும்ப வேண்டியதுதான்.